பத்திரிகை டிசைனுக்குப் புது மென்பொருள் தேவையா?

கேள்வி: வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு டிசைன் செய்கிறேன். கையில் இருப்பது 15 வருடப் பழைய மென்பொருள். வாட்ஸ்அப்பில் வரும் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் சிதறிவிடுகின்றன. புதுப் பதிப்பு வாங்கலாமா?
– வாசகி, சிவகாசி

பதில்: சிதறுவது உங்கள் தப்பு இல்லை. வாடிக்கையாளர் அனுப்புவது யூனிகோடு, அதாவது இப்போது ஃபோன், கணினி எல்லாவற்றுக்கும் பொதுவான எழுத்து முறை. உங்கள் மென்பொருளோ பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களின் காலத்து ஆள். யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றில் போட்டு எடுத்தால் வேலை நடக்கும், ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதையே செய்துகொண்டிருந்தால் அப்புறம் டிசைன் செய்ய நேரம் ஏது?

வாங்கும் முன் அச்சகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களிடம் பழைய பதிப்பு இருந்தால் உங்கள் புதுக் கோப்பு அங்கே திறக்காமல் போகலாம். எழுத்துகளை கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்கள்) ஆக்கி பிடிஎஃப் கொடுத்தால் போதும் என்றால் கவலையே இல்லை.

சந்தாவா, ஒரே தடவை பணமா என்பதுதான் அடுத்த தலைவலி. ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபி 2013லேயே புதுப் பதிப்புகளைச் சந்தாவுக்கு மாற்றிவிட்டது. முகூர்த்த மாதங்களில் வேலை குவிந்து, ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டுகிற தொழிலுக்கு மாதச் சந்தா சரிப்படுமா, நீங்களே கணக்குப் போடுங்கள். இன்க்ஸ்கேப் என்ற டிசைன் மென்பொருள் இலவசம், யூனிகோடு தமிழும் ஒழுங்காக வரும். ஆனால் அச்சுக்கான சிஎம்ஒய்கே (நான்கு மை) வண்ணத்தில் அது கொஞ்சம் பலவீனம். எதுவானாலும் முதலில் சோதனைப் பதிப்பை இறக்கி, பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து பாருங்கள். பழைய மென்பொருளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.