வரைபடத்தில் கப்பல் நகரவில்லை என்றால்

தம்பி இருக்கும் சரக்குக் கப்பல் ஏடன் வளைகுடா பக்கம் போனதும் இணைய வரைபடத்தில் இரண்டு நாளாக நகரவில்லை என்கிறீர்கள். அதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம். அங்கே காட்டுவது ஏஐஎஸ் சிக்னல், அதாவது கப்பல் தன் இடத்தைத் தானாகவே அறிவிக்கும் ரேடியோ சிக்னல். விஎச்எஃப் அலை என்பதால் கரையை விட்டு வெகுதூரம் போனால் கரை ஆன்டெனாவுக்கு எட்டாது. செயற்கைக்கோள் தரவுக்குப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். ஆபத்து என்று நினைத்தால் கேப்டனே ஏஐஎஸ்ஸை அணைத்து வைக்கலாம், விதியில் இடமுண்டு.

ஆனால் எல்ஆர்ஐடி என்ற தொலைதூரக் கண்காணிப்பு முறை தனி. சாதாரணமாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கப்பலின் இடம் கொடி நாட்டு (கப்பல் பதிவான நாட்டு) அரசுக்குப் போகும், நம் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், அந்தக் கடலுக்குள் நுழையும் வணிகக் கப்பல்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் கடற்படையின் யூகேஎம்டிஓ என்ற கப்பல் பாதுகாப்புத் தகவல் மையத்துக்குத் தாமாகவே தகவல் சொல்லிவிடும். கம்பெனியின் க்ரூ பிரிவுக்குப் போன் போட்டு, கப்பல் தினமும் நண்பகலில் அனுப்பும் நூன் ரிப்போர்ட் கடைசியாக எப்போது வந்தது என்று கேளுங்கள்.