வடசென்னைப் பசங்களுக்கும் ஹைவே உண்டு

'வடசென்னைப் பசங்களை வைத்து ஏன் யாரும் ஒரு காதல் பயணப் படம் எடுப்பதில்லை? எப்போதும் வெட்டுக்குத்துதானா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எங்கள் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். வெளியாட்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

2010இல் வந்த 'பையா'வில் கார்த்தி பெங்களூரிலிருந்து மும்பைவரை ஒரு பெண்ணைக் காரில் கூட்டிப் போவார். அதே கார்த்தி 2014இல் 'மெட்ராஸ்' படத்தில் வியாசர்பாடிப் பையனாக வந்தபோது, காதல் ஹவுசிங் போர்டைச் சுற்றியே நடந்தது. அதை இயக்கிய பா. ரஞ்சித்தைக் குறை சொல்லவில்லை. அது எங்கள் படம், ஐந்து முறை பார்த்தவன் நான். ஆனால் நாங்களும் ஊர் தாண்டியிருக்கிறோம்.

2012இல் ஒரு நாள், பெரியப்பா மகனின் பல்சரை வாங்கிக்கொண்டு, இப்போது என் மனைவியாக இருப்பவளோடு கிளம்பினேன். முந்தின நாள் பெய்த கோடை மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் முழங்காலளவு தண்ணீர். நான் வண்டியைத் தள்ள, அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர். பிடித்ததும் துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

வழியில் ஓரிடத்தில் போலீஸ் மடக்கியது. ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. லைசென்ஸில் 'வியாசர்பாடி, சென்னை 39' என்ற வரியில் அவருடைய கட்டைவிரல் நின்றது. அதுவரை 'தம்பி' என்றவர் 'என்னடா' என்றார். சீட்டைக் கழற்றச் சொன்னார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, இவன் வியாசர்பாடிக்காரன், தெரிஞ்சுதான் வந்தியா?" என்று கேட்டார்.

"நானும் வியாசர்பாடிதான் சார்" என்றாள்.

அரை மணி நேரம் இருவரையும் வெயிலில் நிற்கவைத்துவிட்டுத்தான் விட்டார்.

போலீஸ்காரர்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. உடனே 'உங்கள் ஏரியாவில் ரவுடிகளே இல்லையா' என்பார்கள். இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்து முதலில் கதவைச் சாத்துவதும் நாங்கள்தான். 2008இல் பிரான்ஸ் போய் உலக கேரம் பட்டத்தை ஜெயித்து வந்த இளவழகியும் இந்த வியாசர்பாடிதானே?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் கழித்துச் சொந்தமாக பைக் வாங்க லோன் கேட்டேன். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஏஜென்ட், "உங்க ஏரியா நெகட்டிவ் சார்" என்றார். அதாவது, எங்கள் ஏரியாக்காரர்களுக்குக் கடன் தர மாட்டார்களாம். அதுவரை ஒரு ரூபாய் கடன் வாங்காதவன் நான். கடைசியில் வில்லிவாக்கத்தில் இருக்கும் அக்கா பெயரில்தான் வாங்கினோம். இன்றும் ஆர்.சி.யில் அக்கா பெயர்தான். மாதம் தவறாமல் கட்டியவன் நான்.

சரி, படத்துக்கு வருகிறேன். அன்று மரக்காணம்வரை போனோம். உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து லெமன் சாதம் சாப்பிட்டோம். உப்பு பத்தவில்லை என்று அவள் எழுந்து போய், குவித்து வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து வந்தாள். யாராவது படம் எடுத்தால் இதையும் எடுக்கட்டும்.

அவள் அம்மா வேலை முடிந்து வருவதற்குள் வீடு சேர வேண்டும் என்று சீக்கிரமே திரும்பினோம். அதே இடத்தில் வேறொரு போலீஸ்காரர் நின்றிருந்தார், எங்களை நிறுத்தவில்லை. ஆனாலும் அவள் என் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்தவள், திருவான்மியூர் வரும்வரை விடவே இல்லை.