பூக்கோசின் தலையெழுத்து

புரட்டாசி நெருங்கினாலே எனக்கு வரும் கடிதங்களில் பாதி, காலிஃபிளவர் என்கிற பூக்கோசைப் பற்றியதாகிவிடுகிறது. ஓசூர்ப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் 18 ஆண்டுகள் குழித்தட்டுகளோடு வாழ்ந்தவள் நான். இப்போது கோவையில் என் வீட்டு மாடியில் ஆண்டுதோறும் இருபது செடிகளாவது வைக்கிறேன். விதை போட்டு வளர்ப்பவர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கடையில் வாங்கிய காலிஃபிளவர் விதையைத் தொட்டியில் தூவினேன். ஐந்தாம் நாள் பச்சைப் பாய் விரித்ததுபோல் முளைத்தது. ஒன்பதாம் நாள் பாதி நாற்றுகள் சாய்ந்து கிடக்கின்றன. எறும்பு கடித்திருக்குமா?
— திருச்சி வாசகி

பதில்: எறும்பு இல்லை, அம்மா. சாய்ந்த நாற்று ஒன்றை மெல்லப் பிடுங்கி, அது மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தை உற்றுப் பாருங்கள். மேலே விதையிலைகள் இரண்டும் பச்சையாகவே இருக்கும். கழுத்து மட்டும் தண்ணீரில் ஊறிய நூல்போல் இளைத்து, பழுப்பேறியிருக்கும். இதுதான் நாற்றழுகல். பூஞ்சாணத்தின் வேலை. ‘பச்சைப் பாய்’ என்று நீங்கள் மகிழ்ந்து எழுதியிருக்கிறீர்களே, அந்த நெருக்கமும், காற்றுப் புகாத ஈரமும்தான் அதை வரவழைத்தன.

பூக்கோசு விதை பார்வைக்குக் கடுகேதான். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதைகள் இருக்கும். வீட்டுக்குப் பத்துச் செடி போதும் என்றால் பதினைந்து விதைகளை எண்ணி எடுத்துக்கொண்டு பாக்கெட்டை மூடிவிடுங்கள். மட்கிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம பங்கு கலந்து, குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கொஞ்சம் சேர்த்துவிட்டால் அழுகல் பூஞ்சாணத்துக்கு அங்கே இடம் கிடைக்காது. தண்ணீரைக் காலையில் மட்டும் தெளியுங்கள். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் மேல்மண் உலர்ந்திருக்க வேண்டும்.

முளை தெரிந்த அன்றே தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். பாவம் பார்த்து நிழலில் வைத்தால் கழுத்து நீண்டு துவண்டுவிடும். மழை வந்தால் மேலே மட்டும் பாலிதீன் கூரை போதும், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும்.

கேள்வி: ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை நம்பி ஆடி 18 அன்று விதைத்தேன். செடி இடுப்பளவு வளர்ந்து இலையாகவே நிற்கிறது. பூவே இல்லை. விதை ஏமாற்று விதையா?
— மதுரை வாசகர்

பதில்: எந்த ரகம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் காலம் தவறிவிட்டது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஆடிப்பட்டம் நம் வெண்டைக்கும் அவரைக்கும் சோளத்துக்கும் சொன்ன கணக்கு. பூக்கோசு நம் முன்னோர் அறியாத செடி. அது இங்கிலாந்திலிருந்து 1822ஆம் ஆண்டில்தான் இந்தியாவுக்கு, வடக்கே சஹாரன்பூர்த் தோட்டத்துக்கு, வந்து சேர்ந்தது. அதன்பிறகு வட இந்தியச் சமவெளி உழவர்கள் ஆண்டாண்டாக விதை எடுத்து, வெக்கையைத் தாங்கும் வகைகளை உருவாக்கினார்கள். அப்படிப் பழகிய வகைகளுக்குக்கூட, பூ வைக்கிற நேரத்தில் குளிர்ச்சி தேவை.

விதைப் பாக்கெட்டில் ரகத்தின் பெயரை அவசியம் படியுங்கள். முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரி செல்சியஸில் பூ வைக்கும். பூசா மேக்னா, பூசா தீபாலி போன்றவை இந்த வரிசை. பூசா ஸ்னோபால் போன்ற பின்பருவ ரகங்களுக்கு 10 முதல் 16 டிகிரி வேண்டும். அந்தக் குளிர் மதுரையில் கிடைக்காது. டெல்லியிலிருந்து உறவினர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த ஸ்னோபால் விதையைப் போட்டுவிட்டு, இலைக்கு உரம் போட்டுக்கொண்டே இருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு உரம் கொட்டினாலும் குளிருக்கு அது ஈடாகாது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். நம் சமவெளியில் குளுமையான மாதங்கள் மார்கழியும் தையும். பூ அப்போது திரள வேண்டும். நட்டபின் முன்பருவ ரகத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 70 நாள், நாற்றுக்கு 25 நாள். ஆக, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். மலைப்பகுதி வாசகர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பருவம் வேறு.

கேள்வி: செடி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பூ எலுமிச்சம்பழ அளவிலேயே நின்றுவிட்டது. மூன்று செடியிலும் அப்படியே. உரம் குறைவா?
— தஞ்சாவூர் வாசகி

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் என் மாடியில் நடந்தது நினைவுக்கு வந்தது. மகள் திருமணம் நடந்த ஆண்டு. 24 நாற்றுகள் தட்டில் தயாராக நின்றன. பந்தல், பத்திரிகை என்று அலைந்ததில் நட முடியவில்லை. ஒருவழியாகக் கையில் எடுத்தபோது நாற்றுக்கு 45 நாள் ஆகியிருந்தது. தட்டிலிருந்து இழுத்தால் வேர், குழியின் அச்சாகவே, கூம்பு வடிவில் சுருண்டு வெளியே வந்தது. தண்டு பென்சில்போல் விறைத்து, அடியிலைகள் ஊதா நிறமேறியிருந்தன. மனசு கேட்காமல் நட்டேன். பஞ்சகவ்யா, மீன் அமிலம் என்று மாற்றி மாற்றி ஊற்றினேன். இருபதாம் நாள், உள்ளங்கை அகலச் செடியின் நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பூ உட்கார்ந்திருந்தது. அது அதற்குமேல் பெருக்கவே இல்லை.

செடிக்கு வயது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தட்டில் பட்டினி கிடந்தாலும் ஓடும். பருவம் வந்ததும், கையில் எத்தனை இலை இருக்கிறதோ அந்த இலைகளை வைத்துக்கொண்டே பூ வைத்துவிடும். இலைதான் அதற்குச் சமையலறை. சின்னச் சமையலறையில் பெரிய விருந்து சமைக்க முடியாது. இதைப் ‘பொத்தான் பூ’ என்போம். ஒருமுறை பொத்தானிட்ட செடியைத் திருத்த மருந்தே கிடையாது. பூக்கோசின் தலையெழுத்தே நாற்றுத் தட்டில் எழுதப்படுகிறது என்று நான் சொல்வது இதனால்தான். நாலைந்து இலை வந்ததும், 25 நாளில், மிஞ்சிப்போனால் 30 நாளில், நட்டுவிடுங்கள். அன்று நட முடியாது என்றால் அன்றே பெரிய கோப்பைக்காவது மாற்றுங்கள்.

நட்டபின்னும் முதல் ஒரு மாதம் செடி எதற்காகவும் ஏங்கக்கூடாது. ஒன்றரை அடிக்கு ஒரு செடி, பையில் வைத்தால் 15 அங்குலப் பைக்கு ஒன்றே ஒன்று. இரண்டு நடுபவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள். மட்கிய தொழுவுரம் தாராளமாக இருக்கட்டும். ஒருநாள் வாடவிட்டு மறுநாள் குளிப்பாட்டுவது கூடாது. அதுவும் பொத்தானுக்கு ஒரு காரணம்.

ஒரு பூவைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தண்டு உள்ளே பொள்ளலாகி, பழுப்பு நிறத்தில் இருந்தால் அது போரான் என்ற நுண்சத்தின் குறைவு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெண்காரம் ஒரு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, நட்ட ஒரு மாதத்தில் ஒருமுறை தெளிக்கலாம். அளவு கூடினால் இலை கருகும், கை நடுங்காமல் அளந்து போடுங்கள்.

கேள்வி: பூ மஞ்சளாகிவிடுகிறதே?
— கரூர் வாசகர்

பதில்: வெயில் பட்டதால். பூ முட்டையளவு வந்ததும் அதைச் சுற்றியுள்ள இலைகளை மேலே கூட்டி, வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து உள்ளே பாருங்கள், ஈரம் தங்கினால் அழுகும். மஞ்சள் பூவைத் தாராளமாகச் சமைக்கலாம், சத்து ஒன்றும் குறையாது. பூ அரிசி அரிசியாகப் பிரியத் தொடங்கினால் மட்டும் காத்திருக்காமல் அன்றே வெட்டிவிடுங்கள்.

கேள்வி: இலையில் சல்லடைபோல் ஓட்டை. குழந்தைகளுக்குக் கொடுப்பதால் விஷ மருந்து அடிக்க மனமில்லை.
— திண்டுக்கல் வாசகி

பதில்: அடிக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பூவை நீங்கள் தைரியமாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பாடு.

இலையைத் திருப்பிப் பாருங்கள். பச்சை நிறத்தில் அரை அங்குலம்கூட இல்லாத புழு இருக்கும். விரலால் தொட்டால் நெளிந்து துடித்து, ஒரு நூலில் கீழே தொங்கும். அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. சின்ன வயதில் இலையின் அடிப்பக்கத்தை மட்டும் சுரண்டித் தின்னும். மேல்தோல் கண்ணாடி ஜன்னல்போல் மிஞ்சும். ஓட்டை விழுவதற்கு முன்பே, அந்த ஜன்னல்களைக் கண்டால் பிடித்துவிடலாம். மாடித்தோட்டத்துக்கு இரண்டு கையே போதும், தினமும் காலையில் பத்து நிமிடம். மிஞ்சினால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம், மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர்த் தூளும் உரக்கடைகளில் கிடைக்கும்.

இன்னொரு வழி, எனக்கு மிகவும் பிடித்தது. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பக்கத்துப் பையில் அஞ்சறைப் பெட்டிக் கடுகை ஒரு பிடி விதைத்துவிடுங்கள். தாய் அந்து கடுகைத்தான் முதலில் தேடிப்போய் முட்டையிடும். புழுவைக் கடுகுச் செடியிலேயே பொறுக்கி அழித்துவிடலாம்.

கேள்வி: பூவை வெட்டியபின் செடியை வைத்திருந்தால் மறுபடி பூக்குமா? விதை எடுக்கலாமா?
— சேலம் வாசகர்

பதில்: ஒரு செடிக்கு ஒரு பூதான். புரோக்கோலிபோல் பக்கக் கிளையில் நம்பிக்கையாக இன்னொன்று வராது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பின விதைகள், அவற்றில் விதை எடுத்தாலும் தாய்ச்செடிபோல் வராது. பாக்கெட்டில் மீந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுத்த புரட்டாசிக்கு முளைக்கும்.

வெட்டிய செடியின் இளம் இலைகளைப் பாசிப்பருப்பு சேர்த்துப் பொரியல் செய்யுங்கள். தண்டின் தோலைச் சீவிவிட்டுச் சாம்பாரில் போடுங்கள். பிறகு வேரோடு பிடுங்கிவிட்டு, அதே மண்ணில் கோசு, முள்ளங்கி, கடுகு எதுவும் வைக்காமல் கொத்தவரை போடுங்கள். மாசியில் விதைக்க அதுவே சரியான பயிர்.