கைக்கடிகாரம் காட்டும் கணக்கும் உடற்பயிற்சியும்: கேள்வி பதில்

மென்பொருள் துறையில் பணியாற்றும் நான், கருவிகள் மீதான ஆர்வத்தால்தான் ஓட்டப்பயிற்சிக்கு வந்தேன். ஸ்மார்ட் வாட்ச், ஓட்டத்தைப் பதியும் செயலிகள், சமூக ஊடகப் பதிவுகள் ஆகியவை உடலுக்கு எந்த அளவுக்கு உதவுகின்றன என்று பலர் கேட்டிருந்தார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை வாசகி): அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை. எவ்வளவு முயன்றாலும் 7,000 அடிகளைத் தாண்ட முடிவதில்லை. வாட்ச் பத்தாயிரம் கேட்கிறது. நான் நடப்பது போதாதா?

பதில்: போதும் என்றே சொல்வேன். பத்தாயிரம் என்ற இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்ததையொட்டி ஜப்பானில் உடற்பயிற்சி மீது ஆர்வம் பெருகியது. அடுத்த ஆண்டு யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை, பத்தாயிரம் அடி என்பதையே பெயரில் சேர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த எண்தான் இன்று நம் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரியாக 72 வயதுடைய 16,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தது. நாளுக்கு 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகள் வரை அந்தப் பலன் கூடிக்கொண்டே போய், அதன் பிறகு நின்றுவிட்டது. உங்கள் வயது அவர்களைவிடக் குறைவு என்பதால் அந்த எண்ணை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. ஆனால் 7,000 அடி நடக்கும் ஒருவர் தோற்றுவிட்டதாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை என்பது உறுதி. அடிகளைக் கூட்டுவதைவிட, இருக்கும் அடிகளில் ஒரு பகுதியை மூச்சு சற்று வாங்கும்படி வேகமாக நடப்பது மேல். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அடிகளைப் பேசவில்லை; வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு, அத்துடன் இரண்டு நாட்களாவது தசைகளுக்கான பயிற்சி என்றே சொல்கிறது. தசைப் பயிற்சி என்றதும் ஜிம்முக்குப் போக வேண்டும் என்பதில்லை. வீட்டில் செய்யும் பஸ்கியும் சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டாலும் தொடக்கத்துக்குப் போதுமானவை.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): முக்கால் மணி நேரம் ஓடினால் 500 கலோரி எரிந்ததாக வாட்ச் காட்டுகிறது. அதை நம்பி அன்றைய சாப்பாட்டைக் கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எடை குறையவில்லை என்று என்னிடம் வருந்துபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள். வாட்ச்சைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பச்சை விளக்குகள் மினுங்கும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உள்வாங்கும் தன்மையுடையது. ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப மாறும். அந்த மாற்றத்தை எண்ணித்தான் வாட்ச் இதயத்துடிப்பைச் சொல்கிறது. இது நேரடியான அளவீடு. கலோரி அப்படிப்பட்டதன்று. துடிப்பு, வயது, எடை, உயரம், அசைவு ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுக்கும் ஊகம் அது.

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 60 பேரை வைத்து ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத்துடிப்பை ஐந்து விழுக்காட்டுக்குள்ளான பிழையுடன் சொல்லின. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமானது 93 விழுக்காடு தவறியது. கருவிகள் அதன் பிறகு முன்னேறியிருக்கின்றன. என்றாலும் அளவீட்டுக்கும் ஊகத்துக்கும் உள்ள வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது. ஆகவே 500 என்று காட்டினால், அதை நேற்றைய உங்கள் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். தட்டில் விழும் இட்லியின் எண்ணிக்கையை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

துடிப்பும் சரியாக வர வேண்டுமானால் பட்டையை மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அளவு மேலே தள்ளி, வாட்ச் நகராதபடி கட்ட வேண்டும். டம்பெல்லை இறுகப் பிடிக்கும்போதும், மேடுபள்ளமான சாலையில் சைக்கிள் ஓட்டும்போதும் கை இறுகி அதிர்வதால் எண்கள் தாறுமாறாகப் போகும். துல்லியம் தேவைப்படுபவர்கள் மார்பில் கட்டும் பட்டையை வாங்கலாம். அது இதயத்தின் மின் சைகையைப் படிப்பதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் வாட்ச் வாங்கினால் எடை குறையும் என்பது உண்மையில்லையா?

பதில்: வாங்குவதால் மட்டும் குறையாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. உணவு, உடற்பயிற்சி ஆலோசனையை எல்லோருக்கும் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக அணியும் கருவியையும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோவும், அணியாதவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தார்கள்.

கேள்வி (சென்னை இளைஞர்): அண்ணா, தினமும் ஓடியதை ஸ்டேட்டஸில் போடுகிறேன். பெருமை பேசுவதாக வீட்டில் கேலி செய்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் தம்பி. ஓட்டம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. சுமார் 11 லட்சம் பேர் ஐந்து ஆண்டுகளாகப் பகிர்ந்த ஓட்டப் பதிவுகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். நண்பர்கள் ஒரே மாதிரியானவர்கள் என்பதால் சேர்ந்து ஓடுகிறார்களா, ஒருவர் மற்றவரைத் தூண்டுகிறாரா என்பதைப் பிரித்தறிவது கடினம். அதற்கு அவர்கள் வானிலையைத் துணைக்கு அழைத்தார்கள். நண்பருடைய ஊரில் மழை பெய்து அவர் ஓடாமல் இருக்கும் நாளில், மழையே இல்லாத ஊரில் இருப்பவரின் ஓட்டமும் குறைகிறதா என்று பார்த்தார்கள். குறைந்தது. நண்பர் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் நாம் ஏறத்தாழ 300 மீட்டர் கூடுதலாக ஓடுகிறோம் என்று 2017இல் எழுதினார்கள். அதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று: குறைவாக ஓடுபவர்கள்தான் அதிகம் ஓடுபவர்களைத் தூண்டுகிறார்கள், மறுதிசையில் அவ்வளவாக நடப்பதில்லை.

இதை எங்கள் சிறிய வாட்ஸ்அப் குழுவில் கண்ணாரக் காண்கிறேன். மாரத்தான் ஓடும் நண்பர் பதக்கத்துடன் படம் போட்டால் வாழ்த்துச் சின்னங்கள் மட்டுமே வந்து விழும். முழங்கால் வலியிலிருந்து மீண்ட ஒருவர், “இன்று பெசன்ட் நகர் கடற்கரையில் இரண்டு கிலோமீட்டர், பாதி நடை” என்று எழுதிய மறுநாள் காலையில் நான்கைந்து பேர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஆகவே மெதுவான நாட்களையும் பகிருங்கள். ஊருக்கெல்லாம் காட்டுவதைவிட, உங்கள் அளவில் ஓடும் சிலரைக் கொண்ட குழு அதிகம் பயன் தரும்.

கேள்வி (திருச்சி வாசகி): ஓட்டத்தைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் என் ஓட்டப் பாதை வீட்டு வாசல்வரை தெரிகிறது. இது பாதுகாப்பானதா?

பதில்: இல்லை, இன்றே மாற்றுங்கள். ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் தன் பயனர்களின் பாதைகளையெல்லாம் சேர்த்து உலக வரைபடமாக வெளியிட்டது. பெயர்கள் எதுவும் அதில் இல்லை. இருந்தும், 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைக் கூர்ந்து பார்த்து, ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களில் இராணுவ முகாம்களின் அமைப்பே கோடுகளாகத் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். வீரர்கள் முகாமைச் சுற்றி ஓடிய ஓட்டங்கள்தான் அந்தக் கோடுகள். முகாமுக்கே அந்த நிலை என்றால், நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே தெருவிலிருந்து புறப்படும் ஒரு பெண்ணின் பாதை எவ்வளவு சொல்லும் என்று எண்ணிப்பாருங்கள். அமைப்புகளுக்குள் சென்று, தொடக்கத்தையும் முடிவையும் வரைபடத்தில் மறைக்கும் வசதியை இயக்குங்கள். பதிவுகளைப் பின்தொடர்பவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்து, பின்தொடர்பவர் பட்டியலில் நேரில் அறியாதவர்களை நீக்குங்கள். யார் பார்க்கலாம் என்ற அமைப்பு பழைய பதிவுகளில் தானாக மாறாது. அவற்றையும் தனியே மாற்ற வேண்டும்.

கேள்வி (சேலம் வாசகர்): வாட்ச் காட்டும் தூக்க மதிப்பெண் குறைந்தால் அன்று முழுவதும் சோர்வாகவே உணர்கிறேன்.

பதில்: மூளை அலைகளைப் பதியும் ஆய்வகம்தான் உறக்கத்தின் நிலைகளைச் சரியாகச் சொல்லும். வாட்ச் அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. மதிப்பெண்ணைப் பார்த்தே கவலைப்பட்டுத் தூக்கம் கெடுபவர்களைப் பற்றி மருத்துவர்கள் 2017லேயே எழுதியிருக்கிறார்கள். சில வாரங்களுக்கு அந்த வசதியை அணைத்துவிட்டு, எழுந்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை நீங்களே குறித்துவாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): அப்பாவுக்கு 64 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு வாட்ச் வாங்கித் தரலாமா?

பதில்: தாராளமாகத் தரலாம், ஆனால் இரண்டு விஷயங்களை முதலில் அவருக்குச் சொல்லிவிடுங்கள். 220இலிருந்து வயதைக் கழித்து, இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கலாம் என்ற உச்சத் துடிப்பைக் கணக்கிட்டு உழைப்பை மதிப்பிடும் முறை தனி மனிதருக்குப் பல துடிப்புகள் பிசகக்கூடியது. அத்துடன், பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துடிப்பையே குறைத்துவைக்கும் என்பதால், அவர் நன்றாக உழைத்தாலும் வாட்ச் போதாது என்று சொல்லக்கூடும். மாத்திரை எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் அவருக்குச் சரியான வேகம். இரண்டாவது, சில வாட்ச்சுகளில் உள்ள ஈசிஜி வசதி இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஒருவகைக் கோளாறைக் காட்டக்கூடியதே தவிர, மாரடைப்பைக் கண்டறியாது. நெஞ்சில் அழுத்தமோ இடக்கையில் வலியோ வந்தால், திரையில் என்ன காட்டினாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பதை வாட்ச்சைக் கையில் கட்டிவிடும் அன்றே சொல்லிவிடுங்கள்.