வாசகர் கேள்வி – பதில்: பொட்டலத்துக்குள் என்ன?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. பல வருட முட்டிவலி. வைத்தியர் ஒருவர் தந்த பொடியில் மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. பொட்டலத்தில் எழுத்து எதுவும் இல்லை. என்ன சேர்த்திருக்கிறார் என்றால் ‘குடும்ப ரகசியம்’ என்கிறார். மேலும் கேட்டால் மரியாதைக் குறைவா? – வாசகி, ஆரணி

பதில்: தாராளமாகக் கேளுங்கள். கடையில் விற்கும் சித்த, ஆயுர்வேத மருந்தின் லேபிளில் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்மானங்கள் எல்லாம் இருந்தாக வேண்டும். தன்னிடம் வரும் நோயாளிக்குத் தானே மருந்து செய்து தரும் வைத்தியருக்கு மட்டும் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் உற்பத்தி உரிமத்திலிருந்து விலக்கு தருகிறது. அப்படி விலக்கு பெற்றவருக்குத்தான் வாய்திறந்து சொல்லும் கடமை அதிகம். பக்குவத்தை அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். ரசம் (பாதரசம்), தாளகம் (ஆர்சனிக் கலந்த தாது), உலோக பற்பம் (உலோகத்தைப் புடமிட்டு எடுத்த சாம்பல்) சேர்ந்திருந்தால் அதைச் சாப்பிடுகிறவரிடம் மறைப்பது தவறு.

மூன்று நாளில் வலி போனது எங்களைக் கவலைப்பட வைக்கிறது. இப்படிப்பட்ட பெயரில்லாப் பொடிகளில் டெக்சாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் உப்புகிறதா, பசி கூடியிருக்கிறதா, லேசாக இடித்தாலே தோல் கன்றுகிறதா, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சில வாரங்களாகச் சாப்பிட்டு வந்தால் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது, உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், அழுத்தம் சரிதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மீதிப் பொடியைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும்), காலைநேர கார்ட்டிசால் (அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்) பார்த்து எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாட்டு மருந்து என்றதும் சீறாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்தமுறை மறைத்துவிடுவார்.

கேள்வி: ‘90 நாளில் நீரிழிவு குணம், இன்சுலினைத் தூக்கி எறியுங்கள்’ என்று விளம்பரம் வருகிறது. இது சரியா? – வாசகர், தேனி

பதில்: சட்டப்படி குற்றம். நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் தடுக்கிறது. எந்த மருத்துவ முறையானாலும் இதே விதி. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். டைப் 1 நீரிழிவுள்ள (உடலில் இன்சுலின் சுரக்காத) குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறி, மூச்சு வாங்கி, நினைவு தப்பும். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி, இணைப்பு, விற்பவர் பெயரோடு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் அனுப்புங்கள்.

கேள்வி: டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீர் போதுமா? – வாசகி, கடலூர்

பதில்: போதாது. குடிக்க விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் டெங்குவில் ஆபத்து அதிகம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைதல் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.