மகளின் மனச்சோர்வுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாதா?

கேள்வி: 14 வயது மகளை மனச்சோர்வுக்காக பெங்களூரில் ஆறு நாள் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ‘மனநோய்க்கு பாலிசியில் இடமில்லை’ என்று கம்பெனி போனில் சொல்லிவிட்டது. வாராவாரம் ஓசூரில் எடுக்கும் கவுன்சலிங் பில்லையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்கு வருடமாகக் குடும்ப பாலிசி ஓடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இரண்டு பில்லையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சேர்க்கைச் செலவுக்கு அவர்கள் சொன்ன காரணம் செல்லாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4)-ன்படி உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். எல்லா பாலிசிகளையும் 2022 அக்டோபர் 31-க்குள் இதற்கேற்ப மாற்றும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. குழந்தை, பெரியவர் என்ற பேதம் இதில் இல்லை.

போனில் சொன்னதை விடுங்கள். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்பது 2024 விதி. பலர் இந்தக் கடிதத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். ‘கண்காணிப்புக்காகச் சேர்க்கப்பட்டார்’ என்று மட்டும் இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். நோயின் பெயர், அதன் குறியீடு (மனச்சோர்வுக்கு எஃப்32), வீட்டில் வைத்துப் பார்க்க முடியாததற்கான காரணம் மூன்றையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

பிறகு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். ஐஆர்டிஏஐ-யின் புகார் தளமான பீமா பரோசாவிலும் (155255) பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் சென்னை காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை.

கவுன்சலிங் விஷயத்தில் கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கிறது. காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகப் பார்த்ததற்குப் பணம் தராத பாலிசி, கவுன்சலிங்குக்கும் தராது. ‘அதே அடிப்படை’ என்பதன் மறுபக்கம் இது. ஆனால் ஒரு வழி உண்டு. பெரும்பாலான பாலிசிகளில் சேர்க்கைக்கு முன் 30 நாள், பின் 60 நாள் செலவு அடங்கும். அந்தக் கெடுவுக்குள் வரும் மருந்து, ஆலோசனை பில்களை மனநல மருத்துவரின் சீட்டோடு தனி கிளெய்மாகப் போடுங்கள். அவர் பரிந்துரை இல்லாத கவுன்சலர் ரசீது நிற்காது.

மற்ற வாரங்களுக்கு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸ் இரவிலும் தமிழில் பேசும், இலவசம்.

கோபத்தில் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். புதிதாக எடுத்தால் இது ஏற்கெனவே இருந்த நோயாகிவிடும். 36 மாதம் வரை காத்திருக்க வைப்பார்கள். கம்பெனி மாற வேண்டுமென்றால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே போர்ட்டபிலிட்டிக்கு (காத்திருந்த காலத்தை இழக்காமல் பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றுவது) விண்ணப்பியுங்கள், மகளின் சிகிச்சையை மறைக்காமல்.