கேள்வி-பதில்: வேலை தேடும்போது துணைக்கு யார்?

கேள்வி: கையுறைத் தொழிற்சாலையில் ஆறு ஆண்டு வேலை செய்தேன். ஆட்குறைப்பில் நிறுத்தப்பட்டு ஐந்து வாரம் ஆகிறது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த காலத்தில் ஒருவருக்கு வேலை போனால் பக்கத்து வீட்டார் நாலு இடத்தில் சொல்லி வைப்பார்களாம். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) யாரிடமும் வாய் திறக்கக் கூச்சமாக இருக்கிறது. கோயிலுக்குப் போனாலும் "இன்னும் கிடைக்கலையா?" என்கிறார்கள். என் நிலையில் இருப்பவர்களை எங்கே தேடுவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்களோடு நிறுத்தப்பட்டவர்களிடமிருந்தே தொடங்குங்கள் அம்மா. பேச்சை ஆரம்பிக்கக் காரணமும் இருக்கிறது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் மனுச் செய்ய வேண்டும். 35 நாள் போய்விட்டது. உங்கள் மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள். தகுதி இருந்தால் காப்புறுதிச் சம்பளக் கணக்கில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பிறகு 40, 30 என்று இறங்கும். சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை கிடைக்கும். தானாக விலகியவர்களுக்குக் கிடையாது. அதனால் நிறுத்தக் கடிதத்தில் 'ஆட்குறைப்பு' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். "மனுப் போட்டாச்சா?" என்று பழைய தோழிகள் நாலு பேருக்குப் போன் போடுங்கள். பாதிப் பேருக்கு இந்தக் கெடுவே தெரிந்திருக்காது.

ஐந்தாறு பேர் போதும். இருநூறு பேர் உள்ள புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் காலை வணக்கப் படங்கள்தான் நிறையும். உங்கள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. வாரம் ஒரு நாள், ஒரே நேரம், இரண்டு மணி நேரம் கூடுங்கள். கோயில் மண்டபம், பொது நூலகம் இரண்டுமே நல்லது. ஒட்டுக்கடை (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) வேண்டாம், சத்தமும் செலவும் அதிகம், கையில் காசில்லாதவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

முதல் பத்து நிமிடம் மனக்குறை பேசுங்கள், அதற்கு மேல் விடாதீர்கள். பிறகு ஆளுக்கொரு நோட்டைத் திறக்க வேண்டும். எந்தக் கம்பெனி, என்ன வேலை, எந்தத் தேதியில் அனுப்பியது, மறுபடி எப்போது கேட்பது: இந்த நாலு கட்டம் போதும். பெர்கேசோவின் வேலை தேடும் இணையத்தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸில் பதிவை அங்கேயே சேர்ந்து சரிபாருங்கள். நேர்முகத் தேர்வு பெரும்பாலும் மலாயில் நடக்கும் என்பதால் கடைசி அரை மணி நேரம் ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து "செரித்தாக்கான் தெந்தாங் டிரி அண்டா" (உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்) என்று கேட்கட்டும். பதில் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். வீட்டில் சரளமாகப் பேசுகிறவர்களும் இந்த முதல் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்.

ஒரே காலியிடத்துக்கு இருவர் போட்டி என்றால் சங்கடம் வரும். முதல் நாளே பேசி வையுங்கள்: செய்தியை மறைக்கக் கூடாது, இருவரும் போகலாம். வேலை கிடைத்தவர் இன்னொரு தடவை வந்து, யார் தேர்வு நடத்தினார்கள், என்ன கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். இதைக் கேட்டுப் பெறாத குழுக்கள் ஆள் குறையக் குறையக் கலைந்துவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் வந்த ஒரு வேலை விளம்பரம் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கேட்கிறது. கொடுக்கலாமா?
– வாசகர், சிகாமட்

பதில்: கூடவே கூடாது. சம்பளம் போடக் கணக்கு எண் போதும். அட்டை தேவையே இல்லை. உங்கள் கணக்கு வழியாக மோசடிப் பணம் ஓடினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தால் உடனே வங்கிக்கும் தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணுக்கும் அழைக்கச் சொல்லுங்கள். அவரைத் திட்ட வேண்டாம். திட்டு வாங்கினால் அடுத்தவர் வாயைத் திறக்கமாட்டார்.